பெட்டகம் எத்தனை நிமிடம் தாங்கும்?

காதில் ஸ்டெதாஸ்கோப், விரல் நுனியில் எண்வட்டு, நெற்றியில் ஒரு துளி வியர்வை. 'கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது, கைப்பிடி இறங்குகிறது, கதவு திறக்கிறது. திரையில் பெட்டகத் திருட்டு என்றால் இந்தக் காட்சி வரும், அல்லது இதன் பங்காளிகளில் ஒன்று வரும்: சிவப்பு லேசர் கதிர்களுக்கு நடுவே வளைந்து நெளியும் உடல், கதவை மட்டும் பெயர்த்துவிட்டுப் பணத்தைத் தொடாத வெடி, பத்தே நொடியில் ரகசிய எண்ணைக் கண்டுபிடித்துவிடும் மடிக்கணினி. இவை நிஜத்தில் பலிக்குமா என்பது பொழுதுபோகாதவர் கேட்கும் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் நகையை பீரோவில் வைப்பதா, லாக்கரில் வைப்பதா என்று யோசிக்கிற குடும்பம் ஒவ்வொன்றும் இந்தக் கேள்வியை வேறு வடிவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் பக்கத்து மாநிலத்திலும் நடந்த பெரிய திருட்டுகளை, அவற்றில் உள்ளே நுழைந்த வழியை மட்டும் கவனித்து அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. சினிமாத் திருடன் பூட்டின் ரகசியத்தை வெல்லப் பார்க்கிறான். நிஜத் திருடன் தேடுவது யாரும் வராத சில மணி நேரத்தை.

எண்வட்டுக்குப் பின்னால்

முதலில் ஸ்டெதாஸ்கோப். படங்களில் வரும் எண்வட்டுப் பூட்டில் கதவுக்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று வட்டத் தட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு. சரியான மூன்று எண்களை முறைப்படி சுழற்றினால் மூன்று வெட்டுகளும் நேராக வந்து நிற்கும், மேலே காத்திருக்கும் சிறு உலோகக் கட்டை அந்தப் பள்ளத்தில் இறங்கும், தாழ் விலகும். தரமான பூட்டில், வட்டைச் சுழற்றும்போது அந்தக் கட்டை தட்டுகளைத் தொடுவதே இல்லை. ஆகவே சரியான எண்ணைக் கடக்கும்போது 'கிளிக்' என்று ஒலிக்க உள்ளே எதுவும் கிடையாது.

அதற்காக, துளை போடாமல் கையாலேயே திறக்கும் வித்தை பொய் என்று சொல்லிவிட முடியாது. தேர்ந்த பூட்டுத் தொழிலாளி வட்டை மெல்லத் திருப்பி, உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்துக்கொள்வார். வட்டில் இரு கோடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதி, கால் அளவுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அதை வரைபடத் தாளில் ஏற்றி, எந்த எண்ணில் கோடு சரிகிறது என்று பார்ப்பார். இதில் காதுக்கு வேலை குறைவு. கண்ணுக்கும் பென்சிலுக்கும் பொறுமைக்கும்தான் அதிகம். அமெரிக்கத் தரப்பட்டியலில் மேல்வகுப்பு எண்பூட்டு, நிபுணர் ஒருவரின் இத்தகைய முயற்சியை 20 மணி நேரம் தாங்க வேண்டும். இரண்டு நிமிடக் காட்சிக்கு இது ஒத்துவராது.

இந்த வித்தையின் நிஜ முகத்தை நன்றாக எழுதிவைத்தவர் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன். இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் அலமாஸ் அணுகுண்டு ஆய்வுக்கூடத்தில் பெட்டக வித்தகர் என்று பேர் எடுத்தவர் அவர். 1985இல் வெளியான தம் நினைவுநூலில் அதன் சூட்சுமத்தைப் போட்டு உடைத்தார். நூறு எண் கொண்ட வட்டில் மூன்று எண் என்றால் கணக்குப்படி 10 லட்சம் சேர்க்கைகள். ஆனால் அங்கிருந்த பூட்டுகள் இரண்டு எண் முன்னே பின்னே இருந்தாலும் ஏற்றுக்கொண்டதால் அது 8,000 ஆகச் சுருங்கியது. சக விஞ்ஞானிகள் அலமாரியைத் திறந்து போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கையில், அவர் கடைசி இரண்டு எண்களைக் கைவாக்கில் கண்டறிந்து குறித்துக்கொள்வார். மீதி இருபது முயற்சிதான். ஒருவர் கணித மாறிலி ஒன்றையே ரகசிய எண்ணாக வைத்திருந்தார். ஐந்தில் ஒரு பெட்டகம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த எண்ணிலேயே கிடந்தது. ஆக, அவர் திறந்தவற்றில் பாதி வேலையைச் செய்து கொடுத்தது மனிதரின் சோம்பல்.

நம்மூருக்கு இந்தக் காட்சி இன்னும் தூரம். எண்வட்டு இங்கே அரிது. அடகுக் கடையிலும் நகைக் கடையிலும் இருக்கும் இரும்புப் பெட்டி சாவியால் திறப்பது. 1897இல் பம்பாயில் பூட்டு செய்யத் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜ் 1902இல் பெட்டகம் செய்தார். அந்தப் பெயர் இங்கே பீரோவோடு ஒட்டியே வழங்குகிறது. திண்டுக்கல்லில் கையால் செய்யும் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவற்றின் உயிர் நெம்புத் தகடுகளில் இருக்கிறது: சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டை மிகச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் தாழ் அசையாது. அப்படிப்பட்ட பூட்டையும் திறக்கலாம் என்று 1851 லண்டன் பெருங்கண்காட்சியின்போது அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் காட்டினார். திறக்கவே முடியாது என்று பேர்பெற்ற சப் பூட்டு 25 நிமிடத்தில் திறந்தது. வேறு வகையில் அமைந்த பிராமா பூட்டோடு அவர் 16 நாள்களில் 51 மணி நேரம் மல்லுக்கட்டினார். இரண்டும் திறந்தன என்பது உண்மை. ஆனால் 25 நிமிடத்துக்கும் 51 மணிக்கும் உள்ள இடைவெளியில்தான் இந்தத் தொழிலின் முழுப் பொருளாதாரமும் இருக்கிறது.

வாங்குவது நிமிடம்

பெட்டகத்தைச் சோதிப்பவர்கள் 'உடையுமா' என்று கேட்பதில்லை. 'எவ்வளவு நேரத்தில் உடையும்' என்று கேட்கிறார்கள். அமெரிக்காவின் டி.எல்.-15, டி.எல்.-30 என்ற தரக்குறிகளில் உள்ள எண் நிமிடத்தைக் குறிக்கிறது. வரைபடத்தைக் கையில் வைத்திருக்கும் நிபுணர்கள் துளைக்கருவியும் அறுக்கும் கருவியும் கொண்டு முன்பக்கத்தைத் தாக்குவார்கள். கருவி உலோகத்தைத் தொட்டிருக்கும்போது மட்டுமே கடிகாரம் ஓடும். மூச்சு வாங்க நிறுத்தினால் கடிகாரமும் நிற்கும். இவ்வளவுக்கும் பிறகு 15 அல்லது 30 நிமிடம் தாக்குப்பிடித்தால் தேர்ச்சி. நெருப்புக் கருவியையும் ஆறு பக்கத் தாக்குதலையும் தாங்குவதற்கு வேறு குறி உண்டு. இந்தியத் தர அமைவனமும் பெட்டகங்களுக்கு ஐ.எஸ். 550 என்ற தரத்தை வகுத்திருக்கிறது.

இந்த நிமிடங்களை நீட்டத்தான் உள்ளே அத்தனை ஏற்பாடு. துளைமுனையை மழுக்கும் கடினத் தகடு, வெப்பத்தை இழுத்துப் பரப்பிவிடும் செம்பு, இவற்றோடு சில பெட்டகங்களில் ஒரு கண்ணாடித் தகடும் இருக்கும். துளைமுனை பட்டு அது உடைந்தால் கூடுதல் தாழ்கள் தாமே விழும். அதன் பிறகு உரிமையாளர் சரியான சாவியோடு வந்தாலும் கதவு எளிதில் திறக்காது. நம்மில் பலர் வாங்கும் 'தீ தாங்கும் பெட்டி' வேறு ரகம். பத்திரங்கள் கருகாதபடி உள்வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் வேலை. மெல்லிய தகடுகளுக்கு நடுவே வெப்பம் புகாத கலவை. கடப்பாரைக்கு அது பதில் சொல்லாது.

வெடியும் திரையில் வருவதுபோல் கதவோடு நின்றுவிடாது. 1899 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் வில்காக்ஸ் என்ற இடத்தில் ரயிலை மறித்த கும்பல் டைனமைட் வைத்தது. பெட்டகத்தோடு ரயில் பெட்டியும் சிதறியது. கதவைப் பெயர்க்கும் அளவுக்கு வெடித்தால் உள்ளிருக்கும் நோட்டும் தப்பாது, ஊரும் தூங்காது. லேசர் காட்சியும் அப்படித்தான். காவல் கதிர்கள் பெரும்பாலும் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. காப்பறைகளில் இன்று அதிர்வையும் உடல் வெப்பத்தையும் அசைவையும் உணரும் கருவிகள் இருக்கின்றன. வளைந்து புகுவதற்கு அவை இடைவெளி விடுவதில்லை. மின்னணுப் பூட்டு ரகசிய எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் 'சரி' என்று ஒப்புக்கொள்வதும் திரையில் மட்டுமே. நிஜப் பூட்டு முழு எண்ணும் சரியா தவறா என்று மட்டும் சொல்லும்; சில முறை தவறினால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிடும்.

சுவர், தரை, கூரை

கதவு இவ்வளவு பலமென்றால் திருடன் என்ன செய்வான்? கதவை விட்டுவிடுவான்.

2019 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி விடியலில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியின் சுவரில் ஆள் நுழையும் அளவுக்குத் துளை. விலங்கு முகமூடி அணிந்த இருவர் உள்ளே வந்தார்கள். காட்சிப் பெட்டிகளில் இருந்த நகைகளை அள்ளினார்கள். மோப்ப நாய்க்காக மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டுப் போனார்கள். இழப்பு சுமார் 13 கோடி ரூபாய் என்றது கடை. இதில் பெட்டகமே வரவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் திருச்சி அருகே பிச்சாண்டார்கோவிலில் ஒரு பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையிலும் சுவர் துளைக்கப்பட்டு லாக்கர்கள் உடைக்கப்பட்டன. இரண்டும் ஒரே கும்பலின் வேலை என்று பின்னர் காவல்துறை சொன்னது. கன்னக்கோல் கொண்டு சுவரில் கன்னம் வைத்த பழைய கள்வனின் வழியேதான் இது. கருவி மட்டும் மாறியிருக்கிறது.

சினிமாவுக்கும் நிஜத்துக்கும் நேரடித் தொடர்பு உள்ள வழக்கு கேரளத்தின் சேலேம்பிராவில் நடந்தது. 2007 டிசம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. மலப்புறம் மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் தென் மலபார் கிராமிய வங்கி மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தை உணவகம் நடத்துவதாகச் சொல்லி ஒரு கும்பல் வாடகைக்கு எடுத்திருந்தது. புதுப்பிக்கும் வேலை நடப்பதாகப் பலகை மாட்டினால் இடிக்கிற சத்தத்துக்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். கூரையைத் துளைத்து நேராகக் காப்பறைக்குள் ஏறினார்கள்; சுமார் 80 கிலோ தங்கமும் ரொக்கமும் போயின. 'தூம்' இந்திப் படம்தான் தூண்டுதல் என்று காவல்துறை விசாரணையில் வெளிவந்தது. அவர்கள் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்பதே கவனிக்கத் தக்கது: கணினியும் சாகசமும் அதில் இல்லை. ஒரு தரைத்துளை, விடுமுறைப் பொழுது, வாடகை ஒப்பந்தம்.

கூரைக்கு உதாரணம் தமிழ்நாட்டு ரயில் ஒன்று. 2016 ஆகஸ்ட் 8 இரவு சேலத்திலிருந்து எழும்பூருக்குப் புறப்பட்ட விரைவு ரயிலில், வங்கிகள் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிய பழைய நோட்டுகள் 226 பெட்டிகளில் 342 கோடி ரூபாய் அளவுக்கு இருந்தன. காவலர்கள் அதே ரயிலில் வேறு பெட்டியில் வந்தார்கள். மறுநாள் சென்னையில் கதவைத் திறந்தபோது கூரையில் ஒரு சதுரத் துளை; 5.78 கோடி ரூபாயைக் காணோம். சேலம் முதல் விருத்தாசலம் வரை அப்போது மின்கம்பி இல்லாத டீசல் தடம். கூரைமேல் ஆள் ஏறலாம் என்ற அந்த ஒரு தகவல்தான் எல்லாப் பூட்டுகளையும் செல்லாததாக்கியது.

லண்டன் ஹாட்டன் கார்டனிலும் 2015 ஈஸ்டர் விடுமுறையில் இதே இலக்கணம். முதியவர்கள் நிறைந்த ஒரு கும்பல் வைரமுனைத் துளைக்கருவியால் 50 சென்டிமீட்டர் கான்கிரீட் சுவரைக் குடைந்தது. காப்பறைக் கதவு அப்படியே மூடிக் கிடந்தது. அபாய ஒலி எழுந்தும் காவலர் எவரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

பெட்டகத்தையே தாக்கிய வழக்குகளும் உண்டு. அவை ஏ.டி.எம். வழக்குகள். 2023 பிப்ரவரி 12 விடியலில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு ஏ.டி.எம். இயந்திரங்களை கேஸ் கட்டரால் அறுத்து 72.79 லட்சம் ரூபாயை எடுத்துச் சென்றது ஹரியானா பக்கத்துக் கும்பல். தடயம் மறைய இயந்திரங்களுக்குத் தீயும் வைத்தது. இங்கே கலை எதுவும் இல்லை. பட்டறையில் தினமும் நடக்கிற வேலைதான். விடிகாலைச் சாலை ஆளற்றிருந்தது என்பதே முழுத் திட்டம். மூளை வேலை என்று சொல்லத்தக்கது 2021 ஜூனில் சென்னையில் நடந்தது: பணம் கைக்கு வந்த பிறகும் வரவில்லை என்று ஸ்டேட் வங்கியின் பணம் போடும் இயந்திரங்களை நம்பவைத்தார்கள். அவர்கள் பெட்டகத்தைத் தொடவே இல்லை. இயந்திரம் கணக்கு வைக்கும் முறையில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஒரு மறுப்பு எழலாம். பிடிபட்டவர்களின் வழிமுறைதான் நமக்குத் தெரிகிறது. பிடிபடாத கெட்டிக்காரன் விரல் நுனியால் திறந்திருக்கலாமே? இருக்கலாம். ஆனால் துளையும் அறுப்பும் திருடன் பிடிபடாவிட்டாலும் சுவரில் தெரியும். தடயமே இல்லாமல் திறந்த பெட்டகம் என்றால் விசாரணை முதலில் போய் நிற்கும் இடம் சாவி வைத்திருப்பவர் வீடு. பெரும்பாலும் அங்கேயே விடையும் கிடைக்கிறது.

சாவி யார் கையில்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன், கள்வர்க்குத் துணையாகும் எட்டைப் பட்டியலிடுகிறான். மந்திரமும் தெய்வமும் நிமித்தமும் அதில் உண்டு. மருந்து, தந்திரம், இடம், காலம், கருவி ஆகியவையும் உண்டு. சினிமா தந்திரத்தையும் கருவியையும் எடுத்துக்கொண்டது. மேலே பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவை இடத்தையும் காலத்தையும் நம்பியவை. ஆனால் அந்தக் காட்சியின் கூர்மை பட்டியலில் மட்டும் இல்லை, பேசுகிறவனிடமும் இருக்கிறது. கோப்பெருந்தேவியின் சிலம்பைக் களவாடியவன் அரண்மனைக்குள் போய்வரும் உரிமை பெற்ற அந்தப் பொற்கொல்லனே. எட்டில் ஒன்றுகூட அவனுக்குத் தேவைப்படவில்லை.

2022 ஆகஸ்ட் 13 அன்று சென்னை அரும்பாக்கத்தில் ஃபெட்பேங்க் நகைக்கடன் கிளையில் நடந்த கொள்ளை இதன் இன்றைய வடிவம். காவலாளிக்கு மயக்க மருந்து கலந்த பானம், ஊழியர்களைக் கட்டிப்போட்டுப் பறித்த சாவி, 31.7 கிலோ தங்கம். முன்னின்றவர் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பூட்டு எவ்வளவு உயர்ந்த ரகம் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

இந்த ஓட்டையை அடைக்க மனிதர் கண்டுபிடித்த ஒரு வழி சாவியைப் பங்குபோடுவது. 1538இல் இங்கிலாந்துத் தேவாலயங்களின் பதிவேட்டுப் பெட்டிக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவிகளை இரு தரப்பிடம் பிரித்துக் கொடுக்க ஆணை பிறந்தது. பழவேற்காட்டில் 1613இல் டச்சுக் கம்பெனி எழுப்பிய கெல்டிரியா கோட்டையை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1690 வரை சோழமண்டலக் கரையில் அந்தக் கம்பெனியின் தலைமையிடம் அதுதான். துணி வாங்குவதற்கான பணமும் நாணயம் அடிக்கும் சாலையும் அங்கே இருந்தன. ஏரியும் கடலும் அகழியும் சூழ்ந்த அந்தச் சுவர்கள் வெளிப்பகைக்கு எதிரானவை. உள்ளிருக்கும் கணக்கனுக்கு எதிராக எந்தச் சுவரும் உதவாது. இன்றைய வங்கிக் காப்பறைக்கு இருவர் சாவி வேண்டும். லாக்கருக்கு வங்கியின் சாவி ஒன்று, வாடிக்கையாளர் சாவி ஒன்று. கோயில் உண்டியலைத் திறக்கப் பல கண்கள் வேண்டும்.

பங்குபோட்ட சாவியும் தொலையும். பூரி ஜகந்நாதர் கோயில் ரத்ன பண்டாரத்தின் உள்ளறைச் சாவி காணவில்லை என்று 2018இல் தெரிந்து பெரிய அரசியல் புயலே அடித்தது. 2024 ஜூலை 14 அன்று அதிகாரிகள் முன்னிலையில், கைவசம் இருந்த சாவிகளைப் போட்டுப் பார்த்தார்கள், திறக்கவில்லை, பூட்டுகளை அறுத்துத் திறந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மர்மமாக இருந்த கதவை அறுக்கும் கருவி ஒரே நாளில் முடித்துவைத்தது. அந்தக் கதவை இத்தனை காலம் காத்தது பூட்டின் வலு என்று சொல்ல முடியாது. அறுக்க எவருக்கும் தனிமை வாய்க்கவில்லை.

திறந்த பிறகு

சினிமா, பணப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதோடு முடியும். நிஜத்தில் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. சேலேம்பிராக் கும்பலை, லட்சக்கணக்கான கைப்பேசி அழைப்புகளைச் சலித்து இரண்டு மாதத்துக்குள் பிடித்தார்கள். அரும்பாக்கத் தங்கம் சில நாளில் மீண்டது. அதில் ஒரு பகுதி காவல் ஆய்வாளர் ஒருவர் வீட்டிலேயே இருந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ரயில் கொள்ளையர்களை 2018இல் சி.பி.சி.ஐ.டி. கைதுசெய்தபோது விதியின் கேலி ஒன்று வெளிப்பட்டது: கொள்ளை நடந்து மூன்று மாதத்தில், 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயிருந்தன. எடுத்ததில் பெரும்பகுதியை அவர்களால் மாற்ற முடியவில்லை.

சினிமாவுக்கு மிக அருகில் வந்த நிஜக் கொள்ளை பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் 2003 பிப்ரவரி நடுவில் ஒரு வார இறுதியில் நடந்தது. எண்பூட்டு, காந்தப் புலம், வெப்ப உணரி என அடுக்கடுக்கான காவலைத் தாண்டி நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளை உடைத்து, 10 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள வைரங்களை அள்ளினார்கள். அதற்கு அடிப்படை, கும்பலில் ஒருவர் வைர வியாபாரி என்று சொல்லி அதே கட்டடத்தில் இரண்டாண்டுக்கு மேல் அறை வாடகைக்கு எடுத்திருந்தது. சேலேம்பிராவின் உணவகமும் இதுவும் ஒரே உத்தி. நெடுஞ்சாலையோரம் வீசிய குப்பையில் கிடந்த பாதி தின்ற ரொட்டித் துண்டு அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

வீட்டுக்குத் திரும்பினால்

இதையெல்லாம் வைத்து, பீரோவா லாக்கரா என்று யோசிக்கும் குடும்பம் என்ன முடிவுக்கு வரலாம்? வீட்டு பீரோ தரும் நேரம் மிகக் குறைவு. சாவியை அதன் மேலேயே வைத்தால் அதுவும் இல்லை. ஊருக்கே தெரிந்து குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகும் இரண்டு நாள், திருடனுக்கு எந்தப் படமும் கற்றுத்தராத பெரிய வாய்ப்பு. வங்கி லாக்கர் கூடுதல் நேரம் தரும்; ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டோ ஊழியர் மோசடியோ நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். இன்றைய விலையில் அது ஐந்து பவுனுக்குக் காணாது. லாக்கர் அறைக்குள் போய்வருவோரின் கேமராப் பதிவை 180 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் போய் லாக்கரைத் திறந்து பார்ப்பவருக்குத்தான் அந்தப் பதிவு பயன்படும்.

பெட்டகம் வாங்கும்போது விற்பனையாளர் கதவின் கனத்தைத் தட்டிக் காட்டுவார். அப்போது அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எந்தத் தரச்சான்று, எத்தனை நிமிடத்துக்கு, எத்தனை பக்கத்துக்கு. நான்காவது கேள்விக்குப் பதில் அவரிடம் இருக்காது. வாங்குபவரே சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த நிமிடங்கள் தீர்வதற்குள் சத்தம் கேட்டு வரப்போவது யார்?